என் சுவர், என் சுண்ணாம்பு

டிசம்பர் 7, ஞாயிறு

பால் பாக்கெட் எடுக்க கேட்டைத் திறந்தேன். எதிர் பஸ் ஸ்டாப்பில் நின்ற ரெண்டு பேர் என்னையும் என் சுவரையும் மாறி மாறிப் பார்த்தார்கள். திரும்பிப் பார்த்தால், காம்பவுண்டுச் சுவர் முழுக்க ஒரு முகம் சிரிக்கிறது. கட்சித் தலைவரின் முகம். மீசை மட்டும் ஒரு முழம் இருக்கும். பக்கத்தில் ‘தாய்க்குலத்தின் காவலரே, வருக வருக!’ கீழே ‘இவண்: பூபாலன், வட்டச் செயலாளர்’.

பெயிண்ட்காரர் இன்னும் போகவில்லை. டப்பாக்களை மூடிக்கொண்டிருந்தார்.

“யாரைக் கேட்டு எழுதினீங்க?”

“பூபாலன் அண்ணன்தான் சொன்னாரு. போன வருஷமே ரிசர்வ் பண்ணின சுவருங்களே இது.”

உண்மைதான். போன வருஷம் மூலையில் கட்சிப் பேரை எழுதி ‘ஆல் சைடு’ என்று யாரோ கிறுக்கியிருந்தார்கள். பசங்க வேலை என்று விட்டுவிட்டேன். அதற்குப் பேர் ரிசர்வேஷனாம். ரயிலா இது?

நம் பாத்திர வாடகைக் கடையிலிருந்து ஐயப்ப பூஜைக்கு அண்டா நாலு, கரண்டி செட் எல்லாம் போனது. கோபத்தில் ஜல்லிக் கரண்டியை எண்ண மறந்துவிட்டேன்.

டிசம்பர் 8, திங்கள்

பூபாலன் வீட்டுக்கே போய்க் கேட்டேன். அவன் பிள்ளை காதுகுத்துக்கு நம் கடைப் பாத்திரம்தான் போனது. என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவான். நாற்காலி போட்டான், காபி வந்தது.

“சுவர் சும்மாதானேக்கா இருந்துச்சு?”

“என் கடையில அண்டாவும்தான் சும்மா கிடக்கு. கேக்காம தூக்கிட்டுப் போயி சமைச்சுட்டு, ‘சும்மாதானே இருந்துச்சு’ம்பியா?”

சிரித்தான். “தேர்தல் முடியட்டும்க்கா. நானே புதுசா பெயிண்ட் அடிச்சுக் குடுத்துடறேன். உங்க சுவர்ல தலைவர் படம் இருக்கறது உங்களுக்கு ஒரு பாதுகாப்பு.”

யாரிடமிருந்து பாதுகாப்பு என்று கேட்டேன். அதற்குள் அவனுக்கு போன் வந்துவிட்டது. காபியை அப்படியே வைத்துவிட்டு வந்தேன்.

டிசம்பர் 10, புதன்

மகள் அரசிக்குக் கோபம் என்னைவிட அதிகம். அவள் அப்பா மாதிரி வாய்க்குள்ளேயே வைத்துக்கொள்கிற கோபம். சப்-இன்ஸ்பெக்டர் பரீட்சையில் எழுத்துத் தேர்வு, ஓட்டம், கயிறு ஏறுவது, நேர்முகம் எல்லாம் முடிந்து பட்டியலில் பெயர் வந்துவிட்டது. இனி போலீஸ் விசாரணை ஒன்றுதான் பாக்கி. நாலு வருஷப் படிப்பு. இந்த நேரத்தில் இவளை எதிலும் இழுக்கக் கூடாது.

“மாடியில படி, கீழ வராதே” என்றேன்.

“எல்லாம் படிச்சு முடிச்சாச்சும்மா. இனிமே என்னத்தைப் படிக்க?” என்றாள்.

டிசம்பர் 11, வியாழன்

சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தாயிற்று. விடியற்காலையில் நான்தான் அடித்தேன். ஏணி போட்டு, தலையில் துண்டு கட்டிக்கொண்டு, நைட்டியோடு அடித்தேன். அரசி மாடியில் தூங்கிக்கொண்டிருந்தாள்.

பஸ் ஸ்டாப்பில் இருந்தவர்கள் கைதட்டினார்கள்.

டிசம்பர் 12, வெள்ளி

அரசியின் விரல் இடுக்கெல்லாம் சுண்ணாம்பு வெந்து தோல் உரிந்திருக்கிறது. தேங்காய் எண்ணெய் போட்டேன். பாத்திரம் கழுவுகிற சோடா அப்படித்தான் தோலை உரிக்கும். யாராவது கேட்டால் அதைச் சொல்லச் சொன்னேன்.

மாலை பூபாலன் பத்துப் பேரோடு வந்து கேட்டுக்கு வெளியே நின்றான். இன்றைக்கு அக்கா இல்லை, “ஏம்மா” தான். தலைவர் முகத்தை அழித்தது அவரைச் செருப்பால் அடித்ததற்குச் சமமாம். ஒருவன் கேட்டை எட்டி உதைத்தான். எதிர் வீட்டுச் சன்னல்கள் ஒவ்வொன்றாகச் சாத்திக்கொண்டன. நேற்றுக் கைதட்டியவர்கள் எந்த பஸ்ஸில் ஏறிப் போனார்களோ.

டிசம்பர் 13, சனி

ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டார்கள். நான் மட்டும் போனேன். எஸ்.ஐ. பேர் அருமைநாயகம். வயசு ஐம்பது இருக்கும். மரியாதையாகத்தான் பேசினார். அந்த மரியாதைதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

“பேர் சொல்லுங்கம்மா.”

“குணசுந்தரி. கணவர் வைத்தியலிங்கம், காலமாயிட்டார். பாத்திர வாடகைக் கடை.”

“உங்க மேல சொத்து சேதம்னு புகார். பெயிண்ட், கூலி எல்லாம் சேர்த்து இருபத்தெட்டாயிரம் ரூபா நட்டம்னு குடுத்திருக்காங்க.”

“யார் சொத்து சார்?”

“படம் அவங்களுது.”

“சுவர்?”

“சுவர் உங்களுதுதான். ஆனா சட்டம் என்ன சொல்லுதுன்னா, தன்னோட சொந்தப் பொருளைச் சேதப்படுத்தினாக்கூட, அதுல இன்னொருத்தருக்கு நட்டம் வந்தா குற்றம்தான்.”

சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. “அப்ப நாளைக்கு ஒருத்தன் என் அண்டாவுல அவன் பேரை வெட்டி வச்சான்னா, நான் அதைத் தேய்க்கக் கூடாதா?”

அவர் எதிர் மருந்துக் கடை கேமராவில் விழுந்த படத்தைக் காட்டினார். இருட்டில் ஏணி மேல் ஒரு உருவம், துண்டு கட்டிய தலை.

“இது நீங்கதானா?”

“நைட்டி என்னுதுதான்.”

“அதைக் கேக்கலைம்மா.”

“நான்தான்.”

பிறகு மெதுவாக, “உங்க பொண்ணு எங்க டிபார்ட்மெண்டுக்கு செலக்ட் ஆயிருக்காமே. நல்ல விஷயம்” என்றார்.

மன்னிப்புக் கடிதம் கொடுத்தால் இத்தோடு முடியுமாம். மாட்டேன் என்றேன். வழக்குப் பதிந்து ஜாமீனில் அனுப்பினார்கள். கைரேகை வைத்த மையைக் கழுவிக்கொள்ளக் குழாய் எங்கே என்று கேட்டேன். தண்ணி வரவில்லை என்றார்கள்.

டிசம்பர் 14, ஞாயிறு

அண்டா நாலும் திரும்பி வந்தன. அரசி என்னோடு பேசவில்லை.

டிசம்பர் 16, செவ்வாய்

வக்கீல் ஜமீலாவைப் பார்த்தேன். கோர்ட்டுக்குப் பின்னால் ஒற்றை அறை ஆபீஸ். அவர் அம்மா கல்யாணத்துக்கும் நம் மாமனார் கடைப் பாத்திரம்தானாம். சொல்லிவிட்டுச் சிரித்தார்.

“எஸ்.ஐ. சொன்னது பாதி சரிம்மா. சொந்தப் பொருளை உடைச்சாலும் குற்றமாகலாம். கடன்காரனை ஏமாத்த ஒருத்தன் தன் லாரியைத் தானே கொளுத்தறான்னு வைங்க, அது குற்றம். ஆனா பொருள் கெட்டுப்போனா மட்டும் சட்டப்படி சேதமாயிடாது. தப்பான நோக்கம் இருக்கணும். இன்னொருத்தருக்கு நியாயமில்லாத நட்டம் வரணும். உங்ககிட்ட கேக்காம எழுதினவங்களுக்கு அந்தச் சுவர்ல என்ன உரிமை? உரிமையே இல்லாத இடத்துல நட்டம் எங்கேருந்து வரும்?”

“அப்ப கேஸ் நிக்காதா?”

“நிக்காது. ஆனா நிக்காதுன்னு கோர்ட் சொல்ற வரைக்கும் நீங்க நிக்கணும்.”

நடந்ததையெல்லாம் தேதி போட்டு எழுதி வைக்கச் சொன்னார். எழுதிக்கொண்டுதான் இருக்கிறேன் என்றேன். அந்த நோட்டை வேண்டும்போது தரச் சொன்னார். சரி என்று தலையாட்டினேன். வீட்டுக்கு வந்து பதினொன்றாம் தேதியை ஒரு தடவை படித்துப் பார்த்தேன். சரியாகத்தான் எழுதியிருக்கிறேன்.

டிசம்பர் 20, சனி

அதே முகத்தை மறுபடி எழுதிவிட்டார்கள். இந்தத் தடவை பட்டப்பகலில், ரெண்டு கான்ஸ்டபிள் காவலோடு. என் சுவரில், என் கண் முன்னால், போலீஸ் பாதுகாப்பில்! சுண்ணாம்பை இரும்புத் தகட்டால் சுரண்டினார்கள். சுண்ணாம்போடு சிமெண்டுப் பூச்சும் பாளம் பாளமாக வந்தது. சுவர் தலையில் பேனர் கட்ட இரும்புக் கொக்கி வேண்டுமாம், டிரில் போட்டார்கள். மேல் கட்டு ரெண்டு இடத்தில் விண்டு உள்பக்கம் விழுந்தது. பெரிய இட்லிக் கொப்பரை அடியில் மாட்டிக்கொண்டு அதில் ஒடுக்கு.

கான்ஸ்டபிளிடம், “பாத்துக்கிட்டே நிக்கறீங்களே” என்றேன்.

“எங்களைச் சட்டம் ஒழுங்குக்குப் போட்டிருக்காங்கம்மா. சுவருக்குப் போடல.”

உடனே ஸ்டேஷனுக்குப் போய்ப் புகார் எழுதிக் கொடுத்தேன். உடைந்த கல்லைக்கூடப் பையில் கொண்டுபோனேன். அருமைநாயகம் படித்தார். மனு ரசீது கொடுத்தார்.

“எஃப்.ஐ.ஆர்?”

“இது சிவில் விவகாரம்மா. வேணும்னு உடைச்சாங்கன்னு சொல்ல முடியாதில்ல. வேலை பாக்கும்போது உடைஞ்சிருக்கு. நீங்க சிவில் கோர்ட்ல நஷ்ட ஈடு கேக்கலாம்.”

ஆக, அவர்கள் பெயிண்ட் போனால் குற்றம். என் கல் விழுந்தால் சிவில். அவர்கள் மனசு புண்பட்டால் மறுநாளே கைரேகை. என் சுவர் பிளந்தால் ஒரு துண்டு ரசீது. நான் என்ன படிக்காதவளா? பிளஸ் டூ படித்தவள். எனக்கே இந்தக் கணக்கு புரியவில்லை என்றால் யாருக்குப் புரிகிறது?

ஜனவரி 3, சனி

அரசிக்குத் தேர்வு வாரியத்திலிருந்து தபால். நடத்தைச் சரிபார்ப்புப் படிவத்தை நிரப்பி அனுப்ப வேண்டும். எட்டாவது கேள்வி: ‘உங்கள் மீது குற்ற வழக்கு உள்ளதா? எப்போதேனும் குற்றச் செயலில் ஈடுபட்டதுண்டா?’

“ரெண்டுக்கும் இல்லைன்னு போடு” என்றேன்.

படிவத்தைச் சாமி படத்துக்குப் பின்னால் வைத்துவிட்டு மாடிக்குப் போய்விட்டாள்.

ஜனவரி 5, திங்கள்

ஜமீலா சொல்கிறார், அம்மா மேல் வழக்கு இருந்தாலும் பெண்ணின் வேலைக்குத் தடையில்லையாம். நிம்மதி. இன்றைக்குத்தான் ஒழுங்காகச் சாப்பிட்டேன். அரசி சாப்பிடவில்லை.

ஜனவரி 9, வெள்ளி

பெரிய சண்டை. பக்கத்து வீட்டுக்குக் கேட்டிருக்கும்.

“அந்தப் படிவத்துல என்னால கையெழுத்துப் போட முடியலம்மா.”

“ஏன்? உன் மேல கேஸ் இருக்கா? இல்ல. அதைத்தானே கேக்கறான்?”

“நான் செஞ்சதுக்கு நீ கைரேகை வச்சிருக்க. அதை மறைச்சுட்டு நான் போலீஸாகி, நாளைக்கு எவனையாவது உக்கார வச்சு ‘உண்மையைச் சொல்லுடா’ன்னு கேக்கணுமா?”

“மறைக்கல. என் சுவர், என் சுண்ணாம்பு, என் நைட்டி. ஏணி மேல யாரு நின்னா என்ன?”

“அம்மா!”

“செஞ்சது குற்றமா இருந்தா நீ போயிச் சொல்லு. குற்றமே இல்லாததை எதுக்குடி ஒத்துக்கணும்?”

“குற்றம் இல்லைன்னா நீ எதுக்கு மறைக்கற?”

நான் போய்ப் பாத்திரம் தேய்த்தேன். எழுதிவிட்டேன். எழுதியது எழுதியதுதான். இந்த நோட்டை இனி ஜமீலாவிடம் கொடுக்க முடியாது.

ஜனவரி 14, புதன், போகி

தெரு முழுக்கச் சுண்ணாம்பு அடிக்கிறார்கள். நம் வாசலிலிருந்து பார்த்தால் ஆறு ஏணி தெரிகிறது. ஒருத்தர் மேலும் வழக்கு இல்லை. நம் சுவரில் மட்டும் மீசை.

ஜனவரி 22, வியாழன்

தை பிறந்துவிட்டது, கல்யாண சீசன். காலையில் மண்டபத்துக்கு இரண்டு லோடு ஏற்றி அனுப்பிவிட்டு வந்தால் வீடு பூட்டியிருக்கிறது. சாவி பக்கத்து வீட்டில். “அரசி ஸ்டேஷனுக்குப் போயிட்டு வர்றேன்னு சொல்லச் சொல்லுச்சு” என்றார்கள்.

எப்படி ஓடினேன் என்று தெரியாது. ஆட்டோக்காரரிடம் மீதிச் சில்லறைகூட வாங்கவில்லை. உள்ளே போனால் அருமைநாயகம் மேசைக்கு எதிரில் உட்கார்ந்திருக்கிறாள். இஸ்திரி போட்ட சுடிதார். நேர்முகத் தேர்வுக்குப் போட்டுக்கொண்டு போன அதே சுடிதார். சுண்ணாம்பு அடித்தது தான்தான் என்று எழுதிய தாளை அவர் பக்கம் நகர்த்திவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டிருந்தாள்.

“வேணாம் பாப்பா, எடுத்துட்டுப் போயிடு” என்று அவரே சொல்லிக்கொண்டிருந்தார். “நான் இதைப் பாக்கவே இல்ல.”

“பாருங்க சார். பாத்துட்டு வாங்கிக்கங்க.”

நான் அந்தத் தாளைப் பிடுங்கப் போனேன். என் கையைப் பிடித்துக்கொண்டாள். கயிறு ஏறிய கை, அசைக்க முடியவில்லை. அவ்வளவு பேர் முன்னால் அவள் தோளில் அடித்தேன். நான் பெற்றதே இவள் ஒருத்தியைத்தான், அவளை அடித்தேன். நாலு வருஷம் விடிவதற்கு முன்னால் எழுந்து மைதானத்தைச் சுற்றி ஓடினாளே, அதெல்லாம் இந்த ஒரு தாளுக்குத்தானா? யார் கேட்டார்கள் இந்த உண்மையை? அதைப் படிக்கிற தகுதி அந்தக் கட்டிடத்தில் யாருக்கு இருக்கிறது?

கடைசியில் வாங்கிக்கொண்டு அவள் பேரையும் வழக்கில் சேர்த்தார். பூபாலனுக்கு அதற்குள் சேதி போய்விட்டது போலிருக்கிறது, வாசலில் நின்றான். என்னைப் பார்க்காமல் தரையைப் பார்த்தான்.

வீட்டுக்கு வந்ததும் அரசி படிவத்தை எடுத்தாள். எட்டாவது கேள்விக்கு ‘ஆம்’ என்று எழுதி, என்ன நடந்தது என்று கீழே நாலு வரி எழுதினாள். கையெழுத்துப் போட்டாள். பிறகு சோறு போட்டுச் சாப்பிட்டாள். ரெண்டு தடவை ரசம் ஊற்றிக்கொண்டாள்.

எனக்கு இறங்கவில்லை.

பிப்ரவரி 6, வெள்ளி

தபால் வந்துவிட்டது. வழக்கு நிலுவையில் இருப்பதால் நியமனம் நிறுத்தி வைக்கப்படுகிறது.

பிப்ரவரி 12, வியாழன்

பூபாலன் வந்தான். தனியாக. செருப்பை வெளியே விட்டுவிட்டு வந்தான்.

“நம்ம பாப்பா செஞ்சதுன்னு தெரிஞ்சிருந்தா நான் புகாரே குடுத்திருக்க மாட்டேன்க்கா. மேலேருந்து அழுத்தம். இப்பவும் ஒண்ணும் கெட்டுப்போகல. ஒரு மன்னிப்புக் கடிதம் குடுங்க, சமாதானமாப் போயி கேஸை முடிச்சுடலாம். பாப்பா வேலைக்குப் போகட்டும்.”

தட்டச்சு செய்தே கொண்டுவந்திருந்தான். ‘அறியாமையால் செய்த தவறுக்கு வருந்துகிறோம்.’

சொன்னால் வெட்கம், ஆனால் சொல்கிறேன். அவன் சட்டைப் பையிலிருந்த பேனாவை நானே கேட்டு வாங்கினேன். டிசம்பரில் மாட்டேன் என்று நெஞ்சை நிமிர்த்தியவள்தான் நான். பெண்ணின் வேலை என்றதும் அந்த நெஞ்சு எங்கே போனதோ. கையெழுத்துப் போடும் முன்னால் ஒரு போன் பேசிவிடுகிறேன் என்று ஜமீலாவைக் கூப்பிட்டேன். அது ஒன்றுதான் நான் செய்த புத்திசாலித்தனம்.

“போடாதீங்க!” என்று கத்தினார். “போலீஸ் வேலைக்கு சமாதானத்துல முடிஞ்ச கேஸ் எல்லாம் கழுத்துக்குக் கத்தி. மன்னிப்புக் கேட்டா செஞ்சதை ஒத்துக்கிட்டதாயிடும். குற்றமே நடக்கலைன்னு ஹைகோர்ட் சொல்லி வழக்கை ரத்து பண்ணணும். அது ஒண்ணுதான் அரசிக்கு வழி.”

அதாவது, ஆறு மாசமாக எல்லாரும் ‘ஒரு லெட்டர்தானே, ஒரு லெட்டர்தானே’ என்றார்களே, அந்த லெட்டர் என் மகளின் கழுத்துக்குச் சுருக்கு. பூபாலனுக்கு இது தெரியுமா? தெரியாது என்றுதான் நினைக்கிறேன். தெரிந்துகொள்ள வேண்டும் என்று அவனுக்குத் தோன்றவும் இல்லை.

பேனாவைத் திருப்பிக் கொடுத்தேன். கடிதத்தை நாலாகக் கிழித்தேன்.

“இதையும் சேதம்னு எழுதிக்க” என்றேன்.

(ஆறு மாசம் என்று எழுதிவிட்டேன். ரெண்டு மாசம்தான் ஆகிறது.)

மார்ச் 2, திங்கள்

அரசியோடு தேர்வானவர்கள் இன்று பயிற்சிக்குப் போனார்கள். அவள் தோழி பெட்டியோடு பஸ் ஸ்டாப்பில் நின்றது நம் வாசலிலிருந்து தெரிந்தது. அரசி போய் வழியனுப்பிவிட்டு வந்தாள். வந்து மண்டபத்திலிருந்து திரும்பிய டம்ளர்களை எண்ணினாள். ரெண்டு குறைவு என்றாள். நான் எண்ணிப் பார்த்தேன், சரியாகத்தான் இருந்தது.

ஹைகோர்ட்டில் மனு போட்டாயிற்று.

மார்ச் 17, செவ்வாய்

நேற்றுத் தேர்தல் அறிவித்தார்கள். இன்று காலை நகராட்சி வண்டி தெருவுக்குள் வந்தது. சுண்ணாம்பு வாளி, மட்டை, மூங்கில் ஏணி. தேர்தல் அறிவித்துவிட்டால் கட்சி விளம்பரம் எதுவும் சுவரில் இருக்கக் கூடாதாம். முதல் மூன்று சுவரை வெள்ளையாக்கிவிட்டு நம் சுவருக்கு வந்தார்கள். வண்டியோடு வந்த ஒரு அம்மாள் வாளியில் மட்டையை முக்கி எடுத்துவிட்டாள்.

நான் போய் மீசைக்கு நடுவில் நின்றுகொண்டேன்.

“அடிக்கக் கூடாது.”

“நகருங்கம்மா, இன்னும் எட்டு சுவர் இருக்கு.”

“இந்தச் சுவர்ல சுண்ணாம்பு அடிச்சா ஜெயில். தெரியுமா உனக்கு? என்னைக் கேளு.”

அவள் பயந்துபோய் மேஸ்திரியைக் கூப்பிட்டாள். மேஸ்திரி ஜீப்பில் வந்த துணை தாசில்தாரைக் கூப்பிட்டார். சின்ன வயசு, கழுத்தில் அடையாள அட்டை. பின்னால் கேமராவோடு ஒருவர்.

“நீங்க அந்தக் கட்சியாம்மா?”

அவ்வளவுதான். மூன்று மாசக் கோபம் மொத்தமும் வந்துவிட்டது. “கட்சியா? நான் குற்றவாளி! நீங்க இப்ப அடிக்கப்போற இதே சுண்ணாம்பை இதே சுவர்ல அடிச்சதுக்கு என் மேல கேஸ், என் பொண்ணு மேல கேஸ். அவ வேலை போச்சு. இப்ப அரசாங்கமே வாளி தூக்கிட்டு வருதா? வாங்க, ஸ்டேஷனுக்குப் போவோம். உங்க மேலயும் ஒரு எஃப்.ஐ.ஆர். போடச் சொல்லுவோம்!”

பஸ் ஸ்டாப்பில் கூட்டம் சேர்ந்துவிட்டது. அரசி வந்து “அம்மா, உள்ள வா” என்று இழுத்தாள். நான் போகவில்லை. துணை தாசில்தார் கோபப்படவில்லை. என்ன நடந்தது என்று அரசியிடம் கேட்டார். அவள் வழக்கு எண் முதற்கொண்டு சொன்னாள். அவர் சுவரைப் பார்த்தார், விண்டுபோன மேல் கட்டைப் பார்த்தார்.

“இப்ப என்ன செய்யணும்ங்கறீங்க?” என்று என்னிடம் கேட்டார்.

“எழுதிக் குடுங்க. இந்தச் சுவர்ல சுண்ணாம்பு அடிச்சா அது சேதம் இல்லைன்னு எழுதி, கையெழுத்துப் போட்டுக் குடுங்க. அப்புறம் அடிங்க.”

“சேதம் இல்லைன்னு நான் எழுத முடியாதும்மா. அது கோர்ட் சொல்லணும். ஆனா தனியார் சுவர்ல அழிக்கும்போது நாங்க ஒரு அறிக்கை போடணும். உரிமையாளர் யாரு, எழுத அனுமதி குடுத்தாரா இல்லையான்னு கேட்டு எழுதணும். அதை எழுதறேன்.”

ஜீப் பானெட்டில் தாளை வைத்து எழுதினார். ‘உரிமையாளரின் அனுமதி பெறாமல் எழுதப்பட்ட விளம்பரம், உரிமையாளரின் சம்மதத்துடன் அழிக்கப்பட்டது.’ தேதி, கையெழுத்து, முத்திரை. ஒரு நகல் கொடுத்தார். அனுமதியில்லாமல் எழுதியதற்கு பூபாலன் மேல் புகார் போகும் என்றும் சொன்னார்.

மூன்று மாசத்தில் அதிகாரத்தில் இருக்கிற ஒருத்தர் என்னிடம் ‘நீங்க அனுமதி குடுத்தீங்களா?’ என்று கேட்டது இதுதான் முதல் தடவை. எதிரியிடம்கூட அழாதவள், அந்தப் பையன் முன்னால் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டேன்.

அந்த அம்மாள் கால் மணி நேரத்தில் அடித்து முடித்துவிட்டாள். குடிக்க மோர் கொடுத்தேன்.

ஜூன் 11, வியாழன்

தேர்தல், கோடை விடுமுறை எல்லாம் முடிந்து இன்றுதான் நம் வழக்கு எடுத்தார்கள். மதுரைக்கு முதல் பஸ். கோர்ட் அறையில் கடைசி வரிசையில் உட்கார்ந்தோம். எழுபத்திரண்டாவது வழக்கு. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகுதான் கூப்பிட்டார்கள்.

ஜமீலா ரெண்டு வாக்கியம்தான் பேசினார். துணை தாசில்தார் அறிக்கையைக் கொடுத்தார். நீதிபதி வாசித்துவிட்டு அரசு வக்கீலைப் பார்த்தார்.

“சுவர் யாருடையது?”

“மனுதாரருடையதுதான், மை லார்டு.”

“எழுத அனுமதி வாங்கினார்களா?”

அரசு வக்கீல் காகிதங்களைப் புரட்டினார். “கேட்டுச் சொல்ல அவகாசம் வேண்டும்.”

“இதுக்கு என்ன அவகாசம்?” என்றார் நீதிபதி. வழக்கு ரத்து. அரசியின் நியமனத்தை நாலு வாரத்தில் பரிசீலிக்க உத்தரவு. அடுத்த வழக்கைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

எழுந்து நிற்கக்கூட நேரமில்லை. இதே ரெண்டு கேள்வியை டிசம்பர் பதிமூன்றாம் தேதி அருமைநாயகம் கேட்டிருக்கலாம். மேசையை விட்டு எழுந்திருக்கக்கூட வேண்டியதில்லை. அந்த ரெண்டு கேள்விக்கு என் மகள் அரை வருஷம் காத்திருந்தாள்.

வெளியே வந்து ஜமீலாவின் கையைப் பிடித்துக்கொண்டேன். என் சுவர் விண்டதற்கு அவர் போட்ட சிவில் வழக்கு ஆகஸ்டில் வருமாம். “அதுக்கு வருஷக்கணக்காகும், பரவாயில்லையா?” என்றார். ஆகட்டும் என்றேன்.

ஜூன் 19, வெள்ளி

தீர்ப்பு நகல் வந்தது. அடுத்த அணியில் சேர்ந்துகொள்ளலாம் என்று தேர்வு வாரியத்திலிருந்தும் கடிதம் வந்துவிட்டது. பஸ் ஸ்டாப்பில் நின்ற அந்தத் தோழி இவளுக்கு இப்போது சீனியர். வாழ்நாள் முழுக்க இவள்தான் அவளுக்கு சல்யூட் அடிக்க வேண்டும்.

தீர்ப்பு இங்கிலீஷில் இருந்தது. கேசரி கிண்டிக்கொண்டே, தமிழில் சொல்லச் சொன்னேன். அரசி அடுப்படி வாசலில் சாய்ந்து நின்று வரி வரியாகச் சொல்லிக்கொண்டு வந்தாள். சுவர் உரிமையாளருடையது. அனுமதி இல்லை. குற்ற நோக்கம் இல்லை. எல்லாம் சரிதான். ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினேன்.

“ஆகவே, இந்தச் சம்பவத்தால யாருக்கும் எந்த இழப்பும் ஏற்படலைன்னு இந்த நீதிமன்றம் கருதுது.”

கரண்டி நின்றுவிட்டது.

“மறுபடி படி.”

படித்தாள்.

“யாருக்கும் எந்த இழப்பும் இல்லையாமா?”

“அம்மா, அது சட்டத்துல ஒரு வார்த்தைம்மா. அப்படி எழுதினாத்தான் நமக்கு நல்லது. அதனாலதான் ஜெயிச்சோம்.”

“யாருக்கும் இல்லையா? உனக்குமா?”

அவள் தாளை மடித்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். டிசம்பருக்கு அப்புறம் அவள் இப்படிச் சிரித்து நான் கேட்கவில்லை. கேசரி அடிப்பிடித்துவிட்டது. அதையே சுரண்டிச் சாப்பிட்டோம்.

நாளைக்கு முதல் வேலையாக ஜமீலாவிடம் போக வேண்டும். ஜெயித்த தீர்ப்பாகவே இருக்கட்டும். அந்த ஒரு வரிக்கு எதிராக மட்டும் அப்பீல் போட முடியுமா என்று கேட்க வேண்டும்.